தவலை முதல் டைமர் வரை: எங்கள் வீட்டுக்கு வெந்நீர் வந்த வழி



சென்ற மார்கழிக்கு முன்பு எங்கள் திண்டிவனம் வீட்டில் ஒரு சின்ன மோட்டார் பொருத்தினோம். ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். மொட்டை மாடியில் உள்ள சோலார் வெந்நீர்த் தொட்டிக்கும் கீழ்த்தளத்துக் குளியலறைக்கும் நடுவே வெந்நீரைச் சுற்றவிடுவது அதன் வேலை. பிளம்பர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "அவ்வளவுதான் சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு யாரு சொல்றது?"

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியவன் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே குறிப்பு எழுத முடியவில்லை. சரியான பதில் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது என்பதும் அதற்குள் தெரிந்தது.

மோட்டார் எதற்கு?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பென்ஷன் பணத்தில் ஆடம்பரம் என்று நினைப்பீர்கள். எங்கள் தொட்டி 200 லிட்டர். அங்கிருந்து கீழ்க் குளியலறைக்கு முக்கால் அங்குல சிபிவிசி குழாய் சுற்றி வளைத்து வர 60 அடி ஆகிறது. இரவு முழுவதும் அந்தக் குழாயில் நிற்கும் நீர் ஆறிப்போகும். காலையில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் பச்சைத் தண்ணீர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 அடிக் குழாய்க்குள் ஏறக்குறைய ஐந்து லிட்டர் நிற்கிறது. குழாயே சூடாக வேண்டும் என்பதால் கை பொறுக்கும் சூடு வர இன்னும் ஒன்றிரண்டு லிட்டர் போகும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை இப்படித் திறந்தால் இருபது லிட்டருக்கு மேல் சாக்கடைக்கு. வருடத்துக்கு 7,000 லிட்டரைத் தாண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து பச்சைத் தண்ணீர் காலில் பட்டால் அவளுக்கு ஆகவில்லை. ஈரத் தரையில் நின்றுகொண்டு வெந்நீர் எப்போது வரும் என்று காத்திருக்கவும் முடியவில்லை.

தவலையும் விளாவலும்

என் பிறந்த ஊர் மயிலம் பக்கம் ஒரு சிற்றூர். தோட்டத்து மூலையில் மண்ணால் கட்டிய வெந்நீர் அடுப்பு, அதன் மேல் கரிபிடித்த பித்தளைத் தவலை. எரிக்கச் சவுக்கு மிலாறு, கரும்புச் சோகை, மல்லாட்டைத் தோல், எது கிடைக்கிறதோ அது. மல்லாட்டைத் தோல் குப்பென்று பிடித்து உடனே அணையும். சவுக்குக் கட்டை மெதுவாகப் பிடித்து நின்று எரியும். எதை எப்போது போட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா விடியுமுன் எழுவாள். அப்பா கழனிக்குப் போகுமுன் குளிப்பார், அவருக்கு ஒரு பதம். ஆயாவுக்கு நல்ல சூடு. பிள்ளைகளுக்கு இளஞ்சூடு. தவலையில் இருந்த வெந்நீர் எல்லாருக்கும் ஒன்றுதான். பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் சேர்த்து விளாவும்போதுதான் பதம் மாறும். புறங்கையை நீரில் வைத்துப் பார்த்து, "போதும், போய்க் குளி" என்பாள். அடுத்த ஆள் வர நேரமாகும் என்றால் விறகை வெளியே இழுத்துப் போடுவாள். வீட்டில் கடிகாரம் கிடையாது, வெப்பமானி கிடையாது. ஆனால் யார் எழுந்துவிட்டார், யார் இன்னும் எழவில்லை, யாருக்கு ஜலதோஷம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அடுப்பு அதன்படி எரிந்தது.

அடுப்பு தோட்டத்தில், குளிக்கும் இடம் கிணற்றடியில். நடுவே இருபது தப்படி இருக்கும். அந்த இருபது தப்படியும் வெந்நீரை யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பெரும்பாலும் அம்மாதான்.

1959 தீபாவளி. எனக்குப் பத்து வயது. அப்போது நான் புதுச்சேரியில் அத்தை வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். மாமா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கப்படி சொல்தா. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். விடியற்காலை எண்ணெய்க் குளியல், கிணற்றடியெல்லாம் சீயக்காய் வழுக்கல். அம்மா வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள் சறுக்கினாள். முழங்காலில் இருந்து பாதம் வரை வெந்நீர் கொட்டியது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். யாரோ பேனா மையை ஊற்றச் சொன்னார்கள். வீட்டில் இருந்த ஒரே மை என்னுடைய பள்ளி மைதான். எங்கள் பள்ளியில் ஊதா மையில்தான் எழுதுவோம், அது பிரெஞ்சுக்காரர் வழக்கம். அந்தப் புட்டியை நானே கொண்டுவந்து கொடுத்தேன். சுட்ட புண்ணுக்கு மை கூடாது, வெறும் பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றுவதுதான் சரி என்று இன்று எல்லாருக்கும் தெரியும். அன்று தெரியவில்லை. விடுமுறை முடிந்து நான் பஸ் ஏறும் வரைக்கும் அம்மாவின் கால் ஊதாவாகவே இருந்தது. தழும்பு கடைசி வரை போகவில்லை.

கோழிக்குஞ்சு காட்டிய வழி

ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரி போகும்போதெல்லாம் ரோமன் ரோலந்து நூலகத்தில் சற்று நேரம் உட்காருவேன். 1827-இல் தொடங்கிய நூலகம் அது. படித்த பிரெஞ்சு மறந்துபோகாமல் இருக்க அங்கே எதையாவது எடுத்துப் படிப்பது வழக்கம். அப்படிப் படித்துத்தான் போன்மேன் என்பவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரீசில் பணக்காரர்களுக்குப் பருவம் பார்க்காமல் கோழிக்குஞ்சு வேண்டியிருந்தது. கோழி அடைகாக்கும் பருவம் வரை காத்திருக்க முடியாது. கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்க வேண்டுமானால் 21 நாளும் முட்டைக்கு ஏறக்குறைய 37, 38 டிகிரிச் சூடு மாறாமல் இருக்க வேண்டும். கூடினால் முட்டை வெந்துவிடும், குறைந்தால் கூமுட்டை. அடைகாக்கும் கோழி தானே எழுந்தும் உட்கார்ந்தும் முட்டையைப் புரட்டியும் இதைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கோழியின் வேலையை உலோகத்திடம் கொடுத்தவர் ழான் சிமோன் போன்மேன்.

1777-இல் பாரீசு அருகே லெ பெக் என்ற ஊரில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். கீழே ஒரு கொதிகலன். அதில் சூடான நீர் குழாய் வழியாக மேலே ஏறி, முட்டைகள் வைத்த அறையைச் சுற்றி வந்து, ஆறியபின் கனமாகிக் கீழே இறங்கி மறுபடி கொதிகலனின் அடியில் சேரும். தள்ளுவதற்கு மோட்டார் எதுவும் இல்லை. சூடான நீர் லேசு, ஆறிய நீர் கனம். அந்த வித்தியாசமே நீரைச் சுற்றவைத்தது.

ஆனால் அவருடைய உண்மையான சாமர்த்தியம் அடுப்பில் இருந்தது. ஈயக் குழாய்க்குள் ஓர் இரும்புக் கம்பியை வைத்து நீருக்குள் இறக்கினார். ஒரே சூட்டில் ஈயம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளும். அந்த நீள வித்தியாசம் ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் அடுப்புக்குக் காற்றுப் போகும் சின்னக் கதவை மூடும். காற்றுக் குறைந்தால் தீ அடங்கும். நீர் ஆறினால் ஈயம் சுருங்கும், கதவு திறக்கும், தீ மறுபடி எழும். விறகை இழுத்துப் போட அங்கே ஆள் தேவைப்படவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து அடுப்பும் அம்மா விறகை வெளியே இழுக்கும் சத்தமும்தான் நினைவுக்கு வந்தன.

இந்த மாதிரிக் கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர், 1830-இல். கிரேக்கத்தில் வெப்பத்தை நிற்கவைப்பது என்று பொருள் வரும். 1883-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் மின்சாரத்தில் ஒன்று செய்தார். அவர் பாடம் நடத்தும்போதெல்லாம் காவலாளி உள்ளே வந்து அறை சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாராம். பாடம் கெட்டது. அதனால் அறையின் சூடு மாறினால் கீழே அடுப்பறையில் மணி அடிக்கும்படி ஜான்சன் செய்துவிட்டார். மணியைக் கேட்டு ஆள்தான் தீயைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நம்மூர் அலுவலகங்களில் மணி அடித்தால் பியூன் வருவது போலத்தான்.

மாடித் தொட்டியும் மோட்டாரும்

நம் மொட்டை மாடிகளில் இருக்கும் சோலார் தொட்டியிலும் நடப்பது போன்மேன் கண்ட அதே சுற்றுதான். சாய்வாக வைத்த கண்ணாடிக் குழாய்களிலோ தகட்டிலோ வெயில் பட்டு நீர் சூடாகி மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியில் இருக்கும் ஆறிய நீர் கீழே இறங்கும். வெயில் இருக்கும் வரை சுற்றும், வெயில் போனால் தானாக நிற்கும். வெயில் வாங்கும் பெட்டியையும் நீரைச் சேர்க்கும் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்கு வெப்பம் போகாத உறை போட்டு விற்றவர் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர். ஆண்டு 1909. பகல் வெயிலில் சூடான நீர் இரவுக்கும் இருந்ததால் அதற்குப் 'பகலும் இரவும்' என்றே பெயர் வைத்தார். வெயிலைப் பிடிப்பதில் நம் மாவட்டமும் சளைத்ததல்ல. வானூர் வட்டத்தில் ஆரோவில்லில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம் வெயிலைக் குவித்து, நீராவியாக்கிச் சமையல் செய்வதற்காக அமைக்கப்பட்டது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சரி, தானாகச் சுற்றும் நீருக்கு மோட்டார் ஏன்? கொதிகலன் கீழே, அறை மேலே என்றால் நீர் தானாகச் சுற்றும். எங்கள் வீட்டில் சூடு மேலே, குளியலறை கீழே. சூடான நீர் லேசானது, தானாகக் கீழே வந்து ஆறி மேலே ஏறாது. தள்ள ஆள் வேண்டும். குளிர்நாடுகளில் வீடுகள் பெரிதாகிக் குழாய்கள் நீண்டபோது இதே சிக்கல் வந்தது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வில்ஹெல்ம் ஓப்லேண்டர் 1928-இல் குழாயோடு இணைத்து ஓடும் ஒரு சின்ன பம்பைச் செய்தார். சுற்றோட்டத்தை விரைவுபடுத்தும் கருவி என்று அதற்குப் பெயர். எங்கள் சொம்பு மோட்டாருக்கு அது பாட்டன் முறை.

நான் அதை முதலில் பார்த்தது பிரான்சில். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது என் அத்தை மகன் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். நான் இந்தியனாகவே இருந்து, இந்தப் பக்கம் வந்து தேர்வு எழுதி எழுத்தர் ஆனேன். ஓய்வுக்குப் பின் ஒருமுறை அவர் அழைப்பில் பாரீசு புறநகரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்தாவது மாடி. குழாயைத் திறந்த மறுகணம் வெந்நீர்! நான் வியந்ததைப் பார்த்து அடித்தளத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தடித்த உறை போட்ட குழாய்கள், நடுவே ஒரு பம்பு, பக்கத்தில் ஒரு கடிகாரம். "மச்சான், இது இல்லேன்னா அஞ்சாவது மாடிக்குச் சுடுதண்ணி வர்றதுக்குள்ள நான் ஆபீஸ் போய்ட்டு வந்துடுவேன்" என்றார்.

இருமலுக்கு ஓடிய வெந்நீர்

பம்பை எப்படி ஆள்வது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் நினைவுக்கு வருகிறது. பணிக்காலத்தில் முகாமுக்கு வரும் அதிகாரிகளோடு பயணியர் மாளிகைகளில் தங்க நேரும். ஒரு மாளிகையில் வயதான காவலாளி ஒருவர் இருந்தார். அதிகாரி எத்தனை மணிக்கு எழுவார் என்று அவர் யாரிடமும் கேட்க மாட்டார். வெந்நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணலில் விட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே முதல் இருமல் கேட்டதும் இரண்டு சுள்ளி போடுவார். அதிகாரி பல் துலக்கி முடிக்கும்போது பக்கெட் தயாராக இருக்கும். வீண் விறகு கிடையாது, காத்திருக்கவும் வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால் இருக்கும் வழியெல்லாம் நான்குதான். எப்போதும் ஓடவிடலாம். கடிகாரம் பார்த்து ஓட்டலாம். சூட்டைப் பார்த்து நிறுத்தலாம். இல்லாவிட்டால் அந்தக் காவலாளி போல, ஆள் வேண்டும் என்னும்போது மட்டும் ஓட்டலாம். நான் வரிசையாக எல்லாவற்றிலும் அடிபட்டேன்.

மூன்று மாதச் சோதனை

முதல் வாரம் மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டேன். 25 வாட் மோட்டார், 24 மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும் என்று தைரியம். மூன்றாம் நாள் காலை குழாயைத் திறந்தால் உடனே வந்தது. ஆனால் வந்தது வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பு. தொட்டியே ஆறிப்போயிருந்தது. மாலையில் 60 டிகிரி காட்டிய தொட்டி அது. போகும் குழாய் 60 அடி, திரும்பும் குழாய் 60 அடி, இரண்டும் உறையில்லாதவை. பகலெல்லாம் வெயிலில் சேர்த்த சூட்டை இரவெல்லாம் மார்கழிக் காற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தோம். மோட்டார் தின்ற மின்சாரம் கொஞ்சம், குழாய் தின்ற சூடுதான் அதிகம். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய்களுக்குக் கறுப்பு நுரை உறை போட்டோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அடுத்து டைமர். வட்டமான கடிகார முகத்தில் பல் பல்லாக இருக்கும், ஒவ்வொரு பல்லும் கால் மணி. நான் ஐந்து மணிக்குக் குளிக்கிறவன். நாலே முக்கால் முதல் ஐந்தே கால் வரை ஓடும்படி வைத்தேன். பிரமாதமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டு மணி நேரம் மின்வெட்டு. டைமருக்குள் பாட்டரி இல்லை, மின்சாரம் நின்றால் அதன் கடிகாரமும் நிற்கும். மறுநாள் மோட்டார் ஏழு மணிக்கு ஓடியது. நான் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அதைத் திருத்தினேன். பிறகு ஒவ்வொரு மின்வெட்டுக்கும் திருத்துவது என் வேலை ஆயிற்று. வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டுப் போட்டு, மின்சாரம் போன நேரம், வந்த நேரம், திருத்திய நேரம் எல்லாம் எழுதிவந்தேன். நோட்டுப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தை பிறந்து சில நாள் இருக்கும். காலை எட்டரை மணிக்கு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் கண்ணாடித் துணி தேடி உள்ளே போனேன். சமையலறையில் இருந்து குளியலறைக்குப் போகும் வழியில் மனைவி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பிடிதுணி, நடுவில் ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரம். அறுவைச் சிகிச்சை செய்த காலை ஒருபக்கமாகச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்து வந்தாள்.

எனக்குக் கிணற்றடிதான் தெரிந்தது. பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"ஏன், குழாயில வரலையா?"

"வரும். தண்ணி நிறைய ஓடவிட்டா வரும். அதான் அதை வீணாக்கக் கூடாதுன்னு மோட்டாரே வாங்கியிருக்கீங்களே. அதனால அடுப்புல வச்சுக்கறேன்."

"எத்தனை நாளா?"

"மோட்டாருக்குக் கடிகாரம் வச்ச நாள்லருந்து. நீங்க அஞ்சு மணிக்குக் குளிக்கறீங்க. எனக்குச் சமையல் முடிஞ்சு எட்டரை ஆகும். அதுக்குள்ள பைப்பு ஆறிடுது."

"சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் உறைத்தது. நாற்பத்தாறு வருடக் குடித்தனம். அவள் எத்தனை மணிக்குக் குளிக்கிறாள் என்பதை நான் கவனித்ததில்லை. அவள் காலுக்காக வாங்கிய மோட்டார், நான் குளிக்கும் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் நோட்டில் ஒரு மாதத்து மின்வெட்டெல்லாம் நிமிடம் தவறாமல் பதிவாகியிருந்தது. அதில் எட்டரை மணி என்பது ஒரு இடத்திலும் இல்லை.

பொத்தான்

அன்றே பிளம்பருக்குப் போன் செய்தேன். அவர் விழுப்புரத்தில் இருந்து ஒரு எலெக்ட்ரீஷியனையும் அழைத்துவந்தார். டைமரை எடுத்துவிட்டோம். குளியலறைக்கு வெளியே, நனையாத இடத்தில், சமையலறைப் பக்கமாக ஒரு அழைப்பு மணிப் பொத்தான் வைத்தோம். அதை ஒருமுறை அமுக்கினால் மோட்டார் ஓடத் தொடங்கும். திரும்பும் குழாயில், குளியலறையை ஒட்டி ஒரு சென்சார். அந்த இடத்தில் நீர் 40 டிகிரியைத் தொட்டதும் மோட்டார் தானாக நிற்கும். எங்கள் குழாய்க்கு இரண்டு நிமிடத்துக்குள் ஆகிவிடுகிறது. போன்மேனின் ஈயக் குழாயும் இரும்புக் கம்பியும் செய்ததை இன்று அரிசி அளவுள்ள ஒரு சென்சார் செய்கிறது. முதல் இருமலைக் கேட்ட காவலாளியின் வேலையைப் பொத்தான் செய்கிறது. குழாயில் நின்ற ஆறிய நீர் சாக்கடைக்குப் போகாமல் தொட்டிக்குத் திரும்புகிறது.

இப்போது மனைவி ரசத்தை இறக்கிவைத்துவிட்டுப் பொத்தானை அமுக்குகிறாள். துண்டும் புடவையும் எடுத்துவரும் நேரத்தில் மோட்டார் நின்றுவிடும். சில நாள் எட்டு மணிக்கு, சில நாள் ஒன்பதுக்கு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும் நாளில் விடியற்காலையிலேயே சத்தம் கேட்கும். மோட்டார் எப்போது ஓடணும் என்று அன்று கேட்டவளே இன்று அதைச் சொல்கிறாள். நான் நோட்டை மூடிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது இப்படி ஒன்று பொருத்துவதாக இருந்தால், அடிபட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள். மோட்டார் வாங்குமுன் குழாய்களுக்கு உறை போடுங்கள். திரும்பும் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் குழாயைத் திறந்ததும் தொட்டியின் அடியில் இருக்கும் பச்சைத் தண்ணீர் அந்த வழியாக வந்து கலந்துவிடும். டைமர்தான் வேண்டும் என்றால் பாட்டரி உள்ளதாகப் பாருங்கள். கோடையில் சோலார் தொட்டி 60 டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூடு சில நொடியிலேயே தோலைச் சுட்டுவிடும், நம் வயதில் தோல் மெல்லியது. உடனே வரும் வெந்நீர் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர் பிடித்து அதன்மேல் வெந்நீர் விட்டு, நன்றாக விளாவி, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் குளியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் யார் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.